இடிக்க முடியாத வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறை

சிட்னியில் இருக்கும் மாமா பையன் போன வருஷம் ஒரு வீடியோ அனுப்பினான். மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று அவனுடைய பழைய வீட்டின் கூரையில் கை வைக்கிறது. காலையில் நின்ற வீடு சாயங்காலம் இல்லை, வெறும் மண்தரைதான். பெண்டில் ஹில் பக்கம் இதற்கு 'நாக்டவுன் ரீபில்ட்' என்றே பெயர். இடிப்பதிலிருந்து சாவி கொடுப்பது வரை ஒரே கம்பெனி பார்த்துக்கொள்ளும். "மச்சான், நீயும் அந்தப் பழைய வீட்டை இடிச்சுட்டு நம்ம இஷ்டத்துக்குக் கட்டிடு" என்றான்.

நான் இருப்பது லண்டன் ஈஸ்ட் ஹாமில். ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து நடந்தால் ஏழு நிமிஷம். இரண்டு பக்கமும் வீடு ஒட்டியிருக்கும் வரிசை வீடு. என் வீட்டின் இடது சுவர் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் சுவர். வலது சுவர் இந்தப் பக்கத்து வீட்டுக்கும் சுவர். இடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கவுன்சில் அனுமதி வாங்கி, இரண்டு பக்கத்துச் சுவரையும் முட்டுக் கொடுத்து நிறுத்தி, நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கலாம். ஆனால் அது நடுப்பல்லைப் பிடுங்கும்போது பக்கத்துப் பல் ஆடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. நம்மைப் போன்றவர்களின் பட்ஜெட்டுக்குள் வராது.

ஆகவே இடிக்கவில்லை. ஆனால் வீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலைமை வந்தது. அதற்குக் காரணம் அம்மா.

நாலாவது படி

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எங்கள் வீட்டில் படுக்கையறை மூன்றும் மாடியில். ஒரே குளியலறை, ஒரே கழிவறை, அதுவும் மாடியில். படியேறச் சிரமப்படுவார் என்று கீழே முன்னறை சோபாவில் படுக்க வைத்தோம். கழிவறைக்கு மட்டும் 13 படி ஏறி இறங்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். போய்விட்டு இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழிருந்து நாலாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலை ஆறரைக்கு நான் எழுந்து வந்தபோதும் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்தார். "காலைல ஆபீஸ் கால் இருக்குன்னு சொன்னியே, எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்" என்றார்.

நாலரை மணி நேரம். அன்றைக்கு நான் எந்தக் காலிலும் சேரவில்லை.

எங்களிடம் இருந்த சேமிப்பு 70 ஆயிரம் பவுண்டு. ஐந்து வருஷமாகச் சேர்த்தது, லாஃப்டை அறையாக்குவதற்காக. 2023 ஆகஸ்டில் வங்கி வட்டி 5.25 சதவீதத்தைத் தொட்டபோது எங்கள் மார்ட்கேஜும் ஏறியது. லாஃப்டில் ஓர் அறை போட்டு வாடகைக்கு விட்டால் மாசம் 800 பவுண்டாவது வரும் என்பது கணக்கு. லாஃப்டுக்கு பில்டர் சொன்ன தொகை 62 ஆயிரம். கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு அறையும் குளியலறையும் வேண்டுமென்றால் 68 ஆயிரம். இரண்டையும் செய்யப் பணம் இல்லை.

விசாவையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. பெற்றோரை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கான விதிகளை 2012 ஜூலையில் இறுக்கிவிட்டார்கள். அன்றாட வேலைகளுக்கே அடுத்தவர் உதவி வேண்டும் என்கிற நிலையில் அவர் இருக்க வேண்டும். அந்த உதவி பணம் கொடுத்தாலும் ஊரில் கிடைக்காது என்று நாம் நிரூபிக்கவும் வேண்டும். நம்மில் பெரும்பாலானோருக்கு அது நடக்கிற காரியமில்லை. மிச்சம் இருப்பது விசிட்டர் விசா. ஒரு தடவைக்கு ஆறு மாசம். அதையும் திரும்பத் திரும்ப வந்து இங்கேயே குடியிருக்கப் பயன்படுத்தக் கூடாது.

"வருஷத்துல நாலு மாசம் வந்து போறவங்களுக்கு 68 ஆயிரமா?" என்று மேனர் பார்க் முருகன் கோயிலில் பார்த்த நண்பர் கேட்டார். தப்பான கேள்வி இல்லை. அம்மாவே போனில் சொன்னார்: "எனக்காக வீட்டை உடைக்காதடா. ராத்திரிக்கு ஒரு பக்கெட் வெச்சுக் கொடு, போதும்."

பிரிட்ஜில் ஒட்டிய தாள்

நான் ஐ.டி. வேலையில் இருப்பவன். வாடிக்கையாளர் வந்து "இந்தப் பட்டன் வேணும், அந்த ஸ்கிரீன் வேணும்" என்று பட்டியல் போட்டால் அதை உடனே செய்ய மாட்டோம். "தினமும் நீங்க என்ன வேலை செய்றீங்க, எங்க மாட்டிக்கிறீங்க?" என்று கேட்போம். அடுத்தவர் மென்பொருளுக்குக் கேட்கிற கேள்வியை என் வீட்டுக்கு நான் கேட்டதில்லை. நாங்களும் "நாலாவது பெட்ரூம், ஓப்பன் கிச்சன், பூஜை ரூம்" என்றுதான் பட்டியல் வைத்திருந்தோம்.

பிரிட்ஜில் ஒரு தாளை ஒட்டினோம். இரண்டு வாரம், வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், எதற்கு இடிபடுகிறார்கள் என்று கிறுக்க வேண்டும். மனைவி மருத்துவமனையில் நர்ஸ், ஷிஃப்ட் வேலை. பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்பது வயது, ஆறு வயது.

விருந்தாளிகளுக்கென்று அலங்காரமாக வைத்திருந்த முன்னறையில் இரண்டு வாரத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்தது மூன்று மணி நேரம். மற்ற நேரம் என் லேப்டாப் இருந்தது. வந்தவர்களும் காபி குடித்துவிட்டு சமையலறை வாசலில் நின்றுதான் பேசினார்கள். காலை ஏழிலிருந்து எட்டு வரை ஒரு கழிவறைக்கு நாலு பேர். துவைத்த துணி மாடிப்படிக் கைப்பிடியில். நடை வழியில் 14 ஜோடிச் செருப்பு. பையன் ஹோம்வொர்க் செய்தது அயர்ன் பலகையில்.

இரண்டு வாரத்தில் ஒரு தடவைகூட யாரும் "இன்னொரு படுக்கையறை இல்லையே" என்று எழுதவில்லை. கீழே ஒரு கழிவறை இல்லை என்பது 11 தடவை வந்திருந்தது. அதில் அம்மா எழுதியது ஒன்றுகூட இல்லை, அவர் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். அது அம்மாவுக்கு மட்டுமான குறை என்று நாங்கள் நினைத்திருந்தது தப்பு என்று அந்தத் தாளில்தான் தெரிந்தது.

மனை என்ன விடும், என்ன விடாது

ஆசையை எழுதியாயிற்று. அடுத்து இடம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஈஸ்ட் ஹாம் வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டியவை. 1870-ல் பெக்டன் கேஸ் தொழிற்சாலை, 1880-ல் ராயல் ஆல்பர்ட் டாக் என்று வேலை வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்காக வயல்காடு தெருத்தெருவாக வீடானது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள்: முன்னறை, நடு அறை, பின்னால் ஒல்லியாக நீளும் சமையலறைக் கட்டு, அதன் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் சந்து.

இந்த அச்சு தெரிந்துவிட்டால் உங்கள் வீட்டின் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். எங்களுக்குக் குறுக்கே வந்தவை இவை.

முதலில் பின்பக்கம் எவ்வளவு நீட்டலாம் என்பது. வரிசை வீட்டின் பின்னால் திட்ட அனுமதி இல்லாமல் ஒரு மாடி உயரத்துக்கு 3 மீட்டர் வரை கட்டலாம். அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் போகும் முன்-ஒப்புதல் முறையில் 6 மீட்டர் வரை கேட்கலாம். இந்த அளவு 'மூல வீட்டின்' பின்சுவரிலிருந்து. மூல வீடு என்றால் 1948 ஜூலை 1 அன்று இருந்தபடி. உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே நீட்டியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும். தோட்டத்துக் கொட்டகையும் சேர்த்து, வீட்டைச் சுற்றியுள்ள காலி இடத்தில் பாதிக்கு மேல் மூடக் கூடாது. "தோட்டத்துல ஒரு ரூம் போட்டு ஆளை வெச்சுடு" என்று சொல்கிறவர்கள் உண்டு. தனிக் குடியிருப்பாகப் பயன்படும் கொட்டகைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத குழாய். கேமரா விட்டுப் பார்த்தபோது, எங்கள் பின்கட்டுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நாலு வீட்டுக் கழிவும் சேர்ந்து ஓடும் குழாய் குறுக்கே போவது தெரிந்தது. இப்படிப் பல வீடுகள் பகிரும் குழாய்கள் 2011 அக்டோபரிலிருந்து தண்ணீர் நிறுவனத்தின் சொத்து. அதன் மேலோ 3 மீட்டருக்குள்ளோ கட்டினால் அவர்களின் ஒப்புதல் வேண்டும். படம் வரைவதற்கு முன்னாலேயே இந்தக் கேமரா சோதனையைச் செய்துவிடுங்கள். அஸ்திவாரம் தோண்டியபிறகு குழாயைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான வழி.

மூன்றாவது, நடை வழியின் சுவர். நம் ஆட்களில் பலருக்கு அதைத் தட்டிவிட்டுப் பெரிய ஹாலாக்க ஆசை. எங்களுக்கும் இருந்தது. ஆனால் லாஃப்டில் அறை போட்டால், தீப்பிடித்தால் மேலிருந்து வாசல் வரை புகை புகாமல் இறங்கி வர மூடிய படிக்கட்டு வழி வேண்டும், அதை ஒட்டிய அறைகளுக்குத் தீ தாங்கும் கதவு வேண்டும். இன்றைக்கு அந்தச் சுவரை எடுத்தால் நாளைக்கு லாஃப்ட் போடும்போது மாட்டிக்கொள்வோம். சுவர் இருக்கட்டும் என்று விட்டோம்.

நாலாவது, எடை. ஒரு பில்டர் நடு அறையின் பின்சுவரையும் கணப்பு அடுப்புப் புடைப்பையும் தட்டிப் பார்த்து, "இது சும்மாதான் நிக்குது, ரெண்டையும் எடுத்துடலாம்" என்றார். நாங்கள் கட்டமைப்புப் பொறியாளரை வைத்துப் பார்த்தோம். அந்தச் சுவர் மேலே படுக்கையறைச் சுவரைத் தாங்குகிறது. அடுப்புப் புடைப்பின் மேல்பாதி மாடியிலும் கூரையிலும் அப்படியே இருக்கிறது. கீழ்ப்பாதியை மட்டும் எடுத்தால் சில டன் செங்கல் அந்தரத்தில் தொங்கும். சுவர் என்ன வேலை செய்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. இதே நியூஹாமில், கேனிங் டவுனில், 1968 மே 16 அன்று ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் பதினெட்டாவது மாடியில் கேஸ் வெடித்தது. ஒரு வீட்டின் சுவர்ப் பலகை வெளியே போனது. அதை நம்பி நின்ற மேல் வீடுகள் விழுந்தன, அந்த எடையில் கீழ் வீடுகளும் விழுந்தன. மூலை முழுவதும் சரிந்து நாலு பேர் இறந்தார்கள். எங்கள் வீடு அவ்வளவு உயரமில்லை, கட்டுமானமும் வேறு. ஆனால் கணக்குப் போடாமல் சுவரில் கை வைக்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

கடைசியில் வந்த பிளான்

விருந்தாளி அறையை எடுத்துவிட்டோம். முன்னறை அம்மாவின் அறை. அவர் இல்லாத மாதங்களில் என் அலுவலகம், பிள்ளைகள் படிக்கும் இடம். "வர்றவங்களை சமையல்கட்டுலயா உட்கார வைக்கிறது?" என்று மனைவி தயங்கினாள். ஒட்டிய தாளைக் காட்டினேன். இப்போதும் அங்கேதானே நிற்கிறார்கள், இனிமேல் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

சமையலறை பின்கட்டிலிருந்து நடு அறைக்கு வருகிறது. பக்கத்துச் சந்தை 3 மீட்டர் நீளத்துக்கு மட்டும் மூடி அதோடு சேர்க்கிறோம், மேலே கண்ணாடிக் கூரை. பின்சுவர் திறக்கும் இடத்தில் கணக்குப் போட்ட ஒரு ஸ்டீல் பீம். அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி வருவதால் புகை நேராக வெளியே போகும். சமையலறைக்குப் புகை அலாரம் வைக்காமல் வெப்ப அலாரம் வைக்கச் சொன்னார்கள். இதுவரை மிளகாய் தாளித்தால் தெருவுக்கே கேட்கும்படி எங்கள் அலாரம் கத்தியது. இப்படி ஒன்று இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்று.

பழைய சமையலறை இருந்த இடத்தில் கீழ்த்தளக் குளியலறை. அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை. கழிவுக் குழாய் ஏற்கெனவே அங்கேதான் இறங்குகிறது, புதிதாகத் தெருவரை தோண்ட வேண்டாம். நடை வழியிலிருந்து அந்தக் கட்டுக்கு இறங்க ஒரு படி உண்டு. தரையை அந்த அளவுக்கு உயர்த்திவிட்டால் அம்மாவின் கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு படிகூட இருக்காது. உயர்த்திய தரைக்கு அடியிலேயே தண்ணீர் வாட்டமாக ஓடக் குழாய்க்கு இடமும் கிடைத்தது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருந்தாள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. வார்டில் பார்த்தவள் அவள். கைப்பிடி இப்போதே மாட்டாவிட்டாலும் டைல்ஸுக்குப் பின்னால் பலகை வைத்துவிடச் சொல்லியிருக்கிறோம்.

பூஜை அலமாரிக்கு அம்மா போனிலேயே கிழக்கு பார்த்து இடம் சொல்லிவிட்டார். நடை வழியில், படிக்கு அடியில். முழு வாஸ்து பார்க்க வழியில்லை. தெருவின் இந்தப் பக்கத்துக்குச் சரி என்றால் எதிர்ப்பக்கத்துக்கு எல்லாமே தப்பாகிவிடும்.

பக்கத்து வீடும் வாட் வரியும்

சந்தை மூடினால் பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டி அஸ்திவாரம் தோண்ட வேண்டும். 1996-ன் பார்ட்டி வால் சட்டப்படி, அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாக 3 மீட்டருக்குள் தோண்டினால் ஒரு மாசம் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். பதினான்கு நாளில் அவர் சம்மதம் தராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சர்வேயர் வருவார், அந்தச் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான்.

அந்த நோட்டீஸின் மொழி யாரையும் பயமுறுத்தும். அதனால் தபாலில் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடையும் படமுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சில்ஹெட்டிலிருந்து வந்த பெரியவர், என்னைவிட முப்பது வருஷம் முந்தியே இந்தத் தெருவுக்கு வந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: பேத்திக்கு மே, ஜூன் மாதங்களில் பொதுத்தேர்வு, அது முடிகிறவரை இடிக்கிற சத்தம் வேண்டாம். சம்மதித்தோம். அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை இரண்டு பேரும் சேர்ந்தே போட்டோ எடுத்து வைத்தோம். நாளைக்கு யார் மேலும் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டைத் தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டினால் கட்டுமானத்துக்கு வாட் பூஜ்யம். இருப்பதைக் காப்பாற்றித் திருத்தினால் 20 சதவீதம். எங்கள் 68 ஆயிரத்தில் 11 ஆயிரத்துக்கு மேல் அந்த வரிதான். இடிக்க முடியாத வரிசை வீடுகளில் இருப்பவர்களில் பலர் வசதி குறைந்தவர்கள். தனி வீட்டை இடித்துக் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் சலுகை அவர்களுக்கு இல்லை. நூறு வருஷச் செங்கல்லைக் குப்பைக்கு அனுப்பாதவருக்கு அபராதம் போடுகிற மாதிரி இருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, பில்டரிடம் கேட்டுப் பாருங்கள்: இரண்டு வருஷமாவது காலியாகக் கிடந்த வீட்டைத் திருத்தினால் 5 சதவீதம், 60 வயது தாண்டியவரின் வீட்டில் கைப்பிடி, சாய்தளம், படி லிஃப்ட் போன்றவை பொருத்தினாலும் 5 சதவீதம். இங்கேயே குடியிருக்கும் பெரியவர்களுக்கு உடல் இயலாமை இருந்தால், வருமானத்தைப் பார்த்து, கவுன்சில் மூலம் இங்கிலாந்தில் 30 ஆயிரம் பவுண்டு வரை மானியம் உண்டு. நம் பெரியவர்களில் பலர் கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுகிறார்கள்.

லாஃப்ட் வாடகை போயிற்றே என்று கேட்கலாம். போயிற்றுதான். மாசம் 800 பவுண்டு சின்னத் தொகை இல்லை. இந்த வருஷம் ஊருக்கு நாலு பேரும் சேர்ந்து போக முடியாது, காரை மாற்றும் பேச்சும் இல்லை. ஆனால் அந்த வாடகைக்காக மூன்று தள ஏற்பாட்டோடு வாழ்ந்துவிட்டு, கடைசியில் நாங்களே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதே நாலாவது படியில் உட்கார்ந்தால் என்ன செய்வது? அம்மாவுக்கு விசா ஆறு மாசம். எங்களுக்கு இந்த வீடு இன்னும் 26 வருஷ மார்ட்கேஜ்.

வீடு மாற்ற நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பில்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தாளை ஒட்டுங்கள். இரண்டு வாரம் போதும். உங்கள் வீட்டில் அதிகம் கஷ்டப்படுகிறவர் அதில் ஒன்றுமே எழுதாதவராகக்கூட இருக்கலாம், அவர் சார்பில் நீங்கள் எழுதுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்ததும், ஜூலை முதல் வாரத்தில் வேலை ஆரம்பம். அம்மா அடுத்த முறை தீபாவளிக்கு வருகிறார். பிளானைப் போனில் அனுப்பினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த பாத்ரூம் எல்லாருக்கும்தானே?" என்று கேட்டார்.

எல்லாருக்கும்தான் என்றேன். "அப்ப சரி" என்றார்.